பின்னால் இருந்த பொட்டி

அன்று கடையில் இருந்தவர்கள்: நான், என் மனைவி பார்வதி, குமுளிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் மேனேஜராக இருந்த மலையாளி ஒருவர், அவருடைய ஜீப்பில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்த டிரைவர். வேறு யாரும் இல்லை. இதை இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த நாலு பேரில் மூன்று பேருக்கு மலையாளம் நன்றாகத் தெரியும். அரைகுறையாகத் தெரிந்த ஒருவன்தான் அன்று வியாபாரம் பேசினான். அது நான்.

நம் சைக்கிள் கடையை எனக்குப் பிறகு இப்போது நீங்கள் இருவரும் எடுத்து நடத்துகிறீர்கள். ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். ஸ்போக் முறுக்குவது, ஹப் திறப்பது எல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். வீடியோ பார்த்தே கற்றுக்கொண்டுவிட்டீர்கள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அதில் உங்களிடம் சொல்ல என்ன இருக்கிறது. எனக்கு அனுபவம் அதிகம் உள்ள விஷயம் பயம்தான். கடையைப் பூட்டிவிட்டு மார்க்கையன்கோட்டை விலக்கு வரை போய், பூட்டினேனா இல்லையா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்த்தவன் நான். ஒரு தடவை அல்ல. அதனால் பயத்தைப் பற்றியே எழுதுகிறேன்.

நம் கடைக்கு வரும் வீல்கள் எப்படிப்பட்டவை என்று தெரியும். சனி, ஞாயிறு என்றால் மதுரையிலிருந்தும் தேனியிலிருந்தும் ரோடு பைக் எடுத்துக்கொண்டு சின்னமனூர் வந்து, இங்கிருந்து மேகமலை ஏறுகிறார்கள். ஆசைப்பட்டு விலை கூடிய வீல் வாங்குவார்கள். நாலு மாதத்தில் அதைவிட எடை குறைந்த ஒன்று கண்ணில் படும். பழையது நம்மிடம் வரும். ‘லேசா ஓடுனதுண்ணே’ என்பார்கள். இந்தத் தொழிலில் எல்லா வீலும் லேசாக ஓடியதுதான். நிறைய ஓடிய வீல் என்று சொல்லி இதுவரை யாரும் என்னிடம் விற்க வந்ததில்லை.

அந்த மேனேஜர் கொண்டுவந்தது ஒரு ஜோடி கார்பன் வீல். ரிம்மிலேயே பிரேக் பிடிக்கிற வகை. டயர் பசை போட்டு ஒட்டியது. சாதாரண டயர் என்றால் நான் கழற்றிப் பார்க்காமல் காசை எடுக்கமாட்டேன். பசை டயரை அப்படிச் செய்ய முடியாது. பிய்த்தால் டயர் போச்சு, விற்க வந்தவரும் சண்டைக்கு வருவார். வெளியே தெரிகிற ரிம்மைக் காசால் தட்டிப் பார்க்கலாம். விரிசல் இருந்தால் சத்தம் செத்துக் கேட்கும். ஆனால் டயருக்கு அடியில் ஒளிந்திருக்கும் விரிசல் காசுக்குப் பதில் சொல்லாது. அதனால் பசை டயர் வீலைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கண்ணுக்கு அங்கே வேலை இல்லை. எல்லாம் வாயும் காதும்தான்.

அவர் பதினாலாயிரம் என்றார். அந்த வீல் கண்ணை மூடிக்கொண்டு இருபதுக்கு மேல் போகும். இவ்வளவு குறைத்துச் சொன்னால் திருட்டுச் சாமானாக இருக்கலாம். முன்னொரு தடவை யாரோ விற்றுவிட்டுப் போன ஒரு ஹேண்டில்பாருக்காக ஒரு பகல் முழுக்க ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். அதிலிருந்து எனக்குத் திருட்டுப் பயம் மட்டும் தனியாக ஒரு உறுப்பு மாதிரி வளர்ந்துவிட்டது. படபடப்பில், விலை ஏன் இவ்வளவு குறைவு, பில் இருக்கிறதா என்று எனக்குத் தெரிந்த மலையாளத்தில் ஒரே மூச்சில் இரண்டு கேள்வி கேட்டேன்.

“சாரே, வில எந்தா இத்ர கொறவு, பில்லு உண்டோ?”

அவர் நிதானமாகச் சொன்னார். “பின்னில் பொட்டியிட்டுண்டு. அதாணு காரியம்.”

நான் ஜீப்பின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். அங்கே ஒரு பொட்டி இருந்தது. அட்டைப்பொட்டி. வீல் வாங்கும்போது கூட வந்தது. உள்ளே பில் மடித்து வைத்திருந்தது. பொட்டியில் ஒட்டியிருந்த நம்பரையும் வீலில் இருந்த நம்பரையும் ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் படித்தேன். இரண்டும் ஒன்றே. எனக்கு உயிர் வந்தது.

பார்வதி குமுளியில் பிறந்து வளர்ந்தவள். அப்போது அவள் தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு கேட்டாள். “என்னமோ பொட்டிங்கிறாக, என்னது?”

“பொட்டிதான். பின்னாடி இருக்கு பாரு.”

அவள் எட்டிப் பார்த்தாள். பொட்டி இருந்தது. தலையை ஆட்டிவிட்டு மறுபடி தங்கையிடம் போய்விட்டாள். நான் பதினாலாயிரத்தை எண்ணிக் கொடுத்தேன்.

அடுத்த வாரமே எஸ்தர் வாங்கிக்கொண்டார். தேனி பஜாரில் இரும்புக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். எல்லாச் சனிக்கிழமையும் மேகமலை ஏறுவார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போக வேண்டும் என்பதால் அவருக்குச் சனிக்கிழமைதான் வசதி. இருபத்து மூன்று சொன்னேன், இருபத்தொன்றுக்கு முடித்தார். கடைக்காரக் குடும்பம், நான் என்ன செய்தாலும் அதற்குக் கீழே ஒரு விலை வைத்திருப்பார். பொட்டியும் பில்லும் இருப்பதைப் பெருமையாகக் காட்டினேன். அவருக்கும் அது பிடித்திருந்தது.

அந்தச் சனிக்கிழமை விடிந்ததும் கடை வழியாக ஏறிப் போனார். கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். பார்வதி இட்லி வைத்தாள். இரண்டாவது இட்லியில் போன் வந்தது. மேனேஜர்.

கார்பன் ரிம்முக்கென்று தனியாக உள்ள பிரேக் கட்டை ஒரு ஜோடி வீட்டிலேயே தங்கிவிட்டதாம், டிரைவர் சின்னமனூர் வரும்போது கொடுத்துவிடுகிறேன் என்றார். நல்ல மனுஷன். போனை வைக்கப் போகும்போது கேட்டார். “பின்னே சேட்டா, ஆ பொட்டியது சரியாக்கியோ?”

“பொட்டிக்கு என்ன சாரே, நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லி வைத்துவிட்டேன். சிரிப்பு வந்தது. பார்வதியிடம் சொன்னேன். “இந்தா, அட்டப்பொட்டிய ரிப்பேர் பண்ணியாச்சான்னு கேக்குறாரு மனுஷன்.”

அவள் சிரிக்கவில்லை. “பொட்டின்னாகளா, பொட்டியதுன்னாகளா?”

“ரெண்டும் ஒண்ணுதான.”

“என்ன சொன்னாகன்னு அப்படியே சொல்லுங்க.”

சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“பொட்டியதுன்னா ஒடஞ்சதுங்க. ஒடஞ்சதச் சரி பண்ணியாச்சான்னு கேக்குறாக.”

“அன்னிக்குப் பின்னில் பொட்டியிட்டுண்டுன்னாரே?”

“பின்னாடி ஒடஞ்சிருக்குன்னு சொல்லியிருக்காக. நீங்க பொட்டியக் காட்டுனீக, நானும் பொட்டியப் பாத்தேன்.”

எல்லாம் ஒரே நொடியில் வரிசைக்கு வந்தது. நான் கேட்டது இரண்டு கேள்வி. அவர் முதல் கேள்விக்கு, ஏன் விலை குறைவு என்பதற்கு, ஒளிக்காமல் பதில் சொல்லியிருக்கிறார். நான் அதை இரண்டாவது கேள்விக்கான பதிலாக எடுத்துக்கொண்டேன். என்னுடைய பயம் முழுக்கத் திருட்டின் மேல் இருந்தது. வேறு எதையும் கேட்கிற காது அப்போது எனக்கு இல்லை.

திருப்பி மேனேஜரைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. எஸ்தரைக் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மேகமலையில் சில வளைவுகளுக்கு மேல் போனால் சிக்னல் கிடையாது, உங்களுக்கே தெரியும். ஏறும்போது ஆபத்து இல்லை. இறக்கத்தில்தான். பிரேக் பிடிக்கப் பிடிக்க ரிம் சுடும். சூட்டில் கார்பனின் பிடிப்பு இளகும். ஏற்கெனவே விரிசல் விட்ட ரிம் அந்த வளைவுகளில் எங்கே திறக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றும் இல்லை.

கையைக் கழுவினேனா என்று ஞாபகம் இல்லை. ஸ்கூட்டரை எடுத்தேன்.

அடிவாரச் செக்போஸ்டில் வனக்காவலர் தெரிந்தவர். “என்னண்ணே, கடையச் சாத்திட்டு மேல?”

“சைக்கிள்ல ஒரு பொம்பளப் பிள்ள போச்சா?”

“போனாக. சிரிச்சுக்கிட்டே போனாக. நானெல்லாம் பைக்குலயே அழுதுக்கிட்டுத்தான் ஏறுவேன்.”

“எறங்கலயே?”

“இன்னும் இல்ல.”

“எறங்கி வந்தா இங்கன நிறுத்தி வைங்க.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “இங்கன வந்தப்பறம் நிறுத்தி என்னண்ணே செய்ய, மலதான் முடிஞ்சு போச்சே.”

அந்த வார்த்தை முதுகில் உட்கார்ந்துகொண்டே மேலே வந்தது.

பூப்பேர் எழுதிய பலகைகள் ஒவ்வொரு வளைவிலும் உண்டு. ஒன்றைக்கூட நான் படிக்கவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் எதிரே அவர் வருவதாகவே நினைத்துத் திரும்பினேன். அப்புறம்தான் இன்னொரு பயம் வந்தது, அது முதல் பயத்தைவிடப் பெரியது. எதிரே வந்தால் என்ன செய்வது? கையை ஆட்டிக் கத்தினால் அவர் பதறிப்போய் இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடிப்பார். எதைச் செய்யக் கூடாது என்று சொல்ல நான் போகிறேனோ அதை நானே செய்ய வைத்துவிடுவேன். சொல்லாமல் விட்டாலும் தப்பு. இறக்கத்தில் வருகிறவரை எப்படிப் பதறாமல் நிறுத்துவது?

யோசித்து யோசித்து ஒன்று முடிவு செய்தேன். சிரிக்க வேண்டும். ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டு, தற்செயலாக அங்கே இருப்பவன் மாதிரி ஒரு கையை மெதுவாகத் தூக்கி, டீ குடித்தாச்சா என்று கேட்க வேண்டும். மிச்சம் இருந்த வளைவுகளில் எல்லாம் அந்தச் சிரிப்பைப் பழகிக்கொண்டே போனேன். எதிரே வந்த பால்வண்டிக்காரர் அதைப் பார்த்துவிட்டு, தெரிந்தவன்போலிருக்கிறது என்று தானும் சிரித்துவிட்டுப் போனார்.

தேயிலை ஆரம்பித்து, ரோடு கொஞ்சம் சமமாகும் இடத்தில் அவர் வந்தார். அப்போதுதான் இறங்க ஆரம்பித்திருந்தார். வேகம் அதிகம் இல்லை. நான் ஸ்கூட்டரை ஓரங்கட்டி, கையைத் தூக்கி, சிரித்தேன்.

“டீ குடிச்சாச்சாம்மா?”

மெதுவாக நிறுத்திக் காலை ஊன்றினார். “அண்ணே. நீங்க எங்கன இங்க?”

“எறங்குங்க, சொல்றேன்.” அவர் சைக்கிளை விட்டு இறங்கியதும்தான் சிரிப்பை விட்டேன். கன்னம் வலித்தது. “அந்தப் பின் வீலக் குடுங்க. அது சரியில்லன்னு நெனைக்கிறேன்.”

“நெனைக்கிறீகளா, தெரியுமா?”

உண்மையைச் சொன்னேன். “நெனைக்கிறேன்.”

அவர் முகம் மாறியது. பஜார் முகம். “யாரு கூடுதல் வெலைக்குக் கேட்டாக?”

“யாரும் கேக்கலம்மா. வித்தவரு பொட்டின்னு சொன்னாரு. நான் பொட்டின்னு நெனச்சுட்டேன்.”

சொல்லும்போதே எனக்கே கேவலமாக இருந்தது. அவர் சைக்கிள் கைப்பிடியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“நானும் கடைக்காரப் பிள்ளதாண்ணே. வித்த சாமானத் திருப்பிக் கேட்டு ஒரு ஆளு மல ஏறி வந்தா, கீழ இன்னொரு ஆளு வெல சொல்லியிருக்காகன்னு அர்த்தம். சரி, இருபத்தஞ்சு குடுங்க. தாரேன்.”

“குடுக்குறேன்.”

“பாத்தீகளா. பேரம்கூடப் பேசல. அவுக எவ்வளவு சொன்னாக, முப்பதா?”

இந்த இடத்தில்தான் நீங்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நான் பணத்தைக் கூட்டக் கூட்ட அவர் சந்தேகம் கூடும். குறைத்தால் வீல் கிடைக்காது. கெஞ்சினால் நடிப்பு. அவர் ஒரு காலைத் தூக்கி ஏறிவிட்டால் அவ்வளவுதான். பின்னாலேயே ஸ்கூட்டரில் ஹாரன் அடித்துக்கொண்டு போக வேண்டியதுதான். வியாபாரியின் பேச்சை வியாபாரி நம்பமாட்டார். அப்படியென்றால் வியாபாரியாகப் பேசக் கூடாது. நஷ்டப்படுகிறவனாகப் பேச வேண்டும்.

“டயர இங்கயே பிய்ச்சுப் பாத்துருவோம்” என்றேன். “விரிசல் இல்லேன்னா வீலும் உங்களுக்கு, குடுத்த இருபத்தோராயிரமும் உங்களுக்கு, புது டயர் என் செலவு.”

“இருந்தா?”

“இருந்தா நீங்க கேட்ட இருபத்தஞ்சு.”

அவர் சிரித்துவிட்டார். “ரெண்டுலயும் எனக்குத்தான் லாபம். இப்படியாண்ணே கட நடத்துறீக?”

வீலைக் கழற்றிக் கொடுத்தார்.

தடுப்புச் சுவரில் உட்கார்ந்து பிய்க்க ஆரம்பித்தேன். பசை நன்றாகப் பிடித்திருந்தது. கட்டைவிரலில் முழு பலத்தையும் கொடுத்தால் ஒரு சாண் வரும். ஒரு சாண் வந்தது, ஒன்றும் இல்லை. இன்னும் ஒரு சாண். ரிம் கண்ணாடி மாதிரி இருந்தது. எஸ்தர் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். பாதி வட்டம் வந்துவிட்டது.

“இன்னும் எம்புட்டுப் பிய்ப்பீக?”

அடுத்த சாணைப் பிடித்து இழுத்தேன். அப்போது எனக்கு வந்த நினைப்பைச் சொல்கிறேன். விரிசல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். வீல் நல்லபடியாக இருக்கக் கூடாது, உடைந்திருக்க வேண்டும் என்று எங்கள் ஊர் சாமிகளையெல்லாம் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டேன். இந்தத் தொழிலில் வேறு யாராவது அப்படி வேண்டியிருப்பார்களா, தெரியாது. ஒருவேளை மேனேஜர் பேசியது வேறு எதைப் பற்றியோ இருந்தால்? பொட்டி என்பது பொட்டியேதான் என்றால்? பார்வதியும் தப்பாகக் கேட்டிருந்தால்? வெயில் ஏறியிருந்தது, ஆனாலும் எனக்குக் குளிர்ந்தது.

வால்வு ஓட்டையை நெருங்கும்போது பசையின் நிறம் மாறியது. யாரோ அந்த இடத்தில் மட்டும் கனமாகப் பூசியிருந்தார்கள். நகத்தால் சுரண்டினேன். ஒரு முடி கிடப்பது மாதிரி இருந்தது. துடைத்தேன், போகவில்லை. ரிம்மை இரண்டு கையாலும் லேசாக வளைத்ததும் அந்த முடி திறந்து மூடியது.

வீலை எஸ்தரிடம் நீட்டினேன். வாங்கி அவரும் வளைத்துப் பார்த்தார். திறந்தது, மூடியது. மறுபடியும் செய்தார். பிறகு ரோடு திரும்புகிற இடத்தைப் பார்த்தார். அங்கிருந்துதான் செங்குத்து ஆரம்பம்.

“அந்த வளைவு தாண்டித்தான் நான் எப்பவும் வேகமா விட ஆரம்பிப்பேன்” என்றார்.

வீலை அவர் கையிலிருந்து வாங்கித் தடுப்புச் சுவரில் சாய்த்து வைத்தேன்.

மலைமேல் இருக்கும் ஹைவேவிஸ் ஊரிலிருந்து சின்னமனூர் போகிற பஸ் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம். சைக்கிளையும் பின் வீலையும் தனித்தனியாக ஏற்றினோம். கண்டக்டர், “எல்லாரும் சைக்கிளு மேல எறங்குவாக, இது என்ன சைக்கிளு மனுசங்க கூட எறங்குது” என்றார். எஸ்தர் சீட்டில் உட்கார்ந்துகொண்டு ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டார்.

“அண்ணே, இருபத்தஞ்சு பேசுனது பேசுனதுதான்.”

“பேசுனதுதாம்மா” என்றேன். அப்போதுதான் எனக்கு மூச்சு முழுசாக வந்தது.

சாயங்காலம் மேனேஜர் தானே கூப்பிட்டார். நடந்ததைச் சொன்னேன். கோபமே இல்லாமல், “ஞான் அன்னே பறஞ்ஞதல்லே, சேட்டா” என்றார். அன்றைக்கே சொன்னாரே. ஆமாம், சொன்னார். தன் மொழியில், சுருக்கமாக, சரியாகச் சொன்னார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. அதனால்தான் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை.

அந்தப் பின் வீலை அன்றே ஆக்சா பிளேடால் இரண்டாக அறுத்தேன். நீங்களும் அப்படித்தான் செய்ய வேண்டும். முழுசாக வெளியே போட்டால் யாராவது எடுத்துப் பசை பூசி, புது டயர் ஒட்டி, லேசாக ஓடியது என்று நம்மிடமே கொண்டுவருவார்கள்.

அதற்கப்புறம் விற்க வருகிறவர்களிடம் நான் ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான் கேட்பேன். பதில் வந்து, அது எந்தக் கேள்விக்கான பதில் என்று தெளிவான பிறகுதான் அடுத்தது. குறை இருக்கிறதா என்று கேட்டால் வாயால் சொல்ல வேண்டாம், விரலால் தொட்டுக் காட்டுங்கள் என்பேன். சிலர் சிரிப்பார்கள். நீங்கள் வாட்ஸாப்பில் போட்டோ பார்த்து, வாய்ஸ் மெசேஜ் கேட்டு வாங்குகிறீர்கள். அது தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் அந்த மெசேஜை இரண்டு தடவை கேளுங்கள். மலையாளமாக இருந்தால் பார்வதிக்கு அனுப்புங்கள். அவள் இப்போது போனில் பேசிக்கொண்டே கேட்பதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் கவலைதான் என்னைக் காப்பாற்றும் என்று ரொம்ப நாள் நம்பியிருந்தேன். அன்று அது என்னை ஒரு பொட்டியைக் காட்டித் தூங்க வைத்துவிட்டது. கவலைக்கும் ஒரு பிடித்த இடம் இருக்கிறது. எப்போதும் அங்கேயே போய் உட்காரும். மற்ற இடங்களுக்கு நீங்கள்தான் அதைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டும்.

எஸ்தர் கொடுத்த இருபத்தோராயிரத்தையும் அந்த வாரத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். பேசிய இருபத்தஞ்சில் மிச்சத்தை நீட்டியபோது வாங்கவில்லை. “அது இருக்கட்டும். நல்ல ஜோடி ஒண்ணு வந்தா அதுல கழிச்சுக்கங்க” என்றார். நல்ல ஜோடி எத்தனையோ வந்தது. மற்றவர்களுக்கெல்லாம் விற்றேன். அவருக்கு என்று எடுத்து வைத்தால் மட்டும் ஏதாவது ஒன்று தெரியும். ஹப்பில் ஒரு சத்தம், ரிம்மில் ஒரு நிழல். பார்வதி, அது உங்க கண்ணுல இருக்கு என்பாள். இருக்கலாம். சனிக்கிழமை கடை வழியாகப் போகும்போதெல்லாம் எஸ்தர் தன் பழைய அலுமினிய வீலில் வேகத்தைக் குறைத்து, “அண்ணே, பொட்டி வந்துச்சா?” என்று கேட்டுவிட்டுப் போவார்.

இனி அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். என் கண்ணை நம்ப முடியாது என்பதால் அவருக்கான ஜோடியை நீங்களே பாருங்கள். பசை டயர் வேண்டாம். விலை பேசி முடித்த பிறகு, கடை அவருக்குத் தர வேண்டிய பாக்கியை மறக்காமல் கழியுங்கள். நாலாயிரம் ரூபாய்.